தோணி இழுத்த வகுப்பு

நான் கற்பிக்க வந்த காலத்தில் எங்கள் பாடசாலையின் உயர்தர மாணவிகள் திருகுக் கணிச்சியை மிக அழகாக வரைவார்கள். கூர் சீவிய பென்சிலால், நிழல் தீட்டி, ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி போட்டு வரைவார்கள். ஆனால் அந்தக் கருவியை ஒருத்தியும் கையில் பிடித்துப் பார்த்ததில்லை. மெல்லிய கம்பியின் தடிப்பை அளக்கும் முறையை எட்டு வரியில், மூச்சு வாங்காமல் ஒப்புவிப்பார்கள். கம்பியைக் கையில் கொடுத்தால் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஆய்வுகூடம் இல்லாமல் இல்லை. சுனாமியில் கடல் வந்து போன பிறகு வெளிநாட்டு உதவியில் கட்டிய மாடிக் கட்டடத்தில் நல்ல விசாலமான அறை. கண்ணாடி அலுமாரிகளில் இசைக்கவர்கள், கண்ணாடி அரியங்கள், சுருள்வில் வைத்த விற்றராசுகள். பாதிக்கு மேல் பெட்டியே பிரிக்கப்படவில்லை. சாவி பாடசாலை அதிபரின் மேசை லாச்சியில் கிடந்தது. முதல் வாரமே போய்க் கேட்டேன்.

"உடைஞ்சா யாரு டீச்சர் பொறுப்புச் சொல்ற?" என்றார் அதிபர். "வருசா வருசம் சாமான் எண்ண வாறாங்க. இருக்கிற சாமான் இருந்தபடியே இருந்தா ஒரு கரச்சலும் இல்ல."

அவர் கெட்ட மனிதர் அல்லர். ஓய்வுபெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. அதுவரை எந்தக் கடிதமும் தன் பெயருக்கு வரக்கூடாது என்பதே அவருடைய ஒரே ஆசை. "நான் பொறுப்பு" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு சாவியைத் தந்தார். அந்த மாதமே ஒரு கண்ணாடி அரியம் விழுந்து உடைந்தது. சாமான் புத்தகத்தில் அதன் பெயருக்கு நேரே, "கற்பித்தலின்போது உடைந்தது" என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த அலுமாரியில் இருந்து கற்பித்தலுக்காக உடைந்த முதல் சாமான் அதுதான்.

இவ்வளவு செய்தும் பிள்ளைகள் மாறிவிடவில்லை. அவர்களுடைய உண்மையான படிப்பு பின்னேரங்களில், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒலிவாங்கியில் பாடம் நடத்தும் டியூசன் வகுப்புகளில் நடந்தது. அங்கே அச்சடித்த குறிப்புகள் கிடைக்கும். நான் இசைக்கவரைத் தட்டிப் பரிவுக் குழாயின் வாயில் பிடித்தால், ஓசை எழுந்து அறையை நிறைக்கும். ஒரு நிமிடம் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு பின்வரிசை வாங்கில் இருந்து ஒரு குரல் வரும்: "டீச்சர், இது பேப்பருக்கு வருமா?"

அந்தக் கேள்விக்கு நான் ஒவ்வொரு முறையும் கோபப்பட்டேன். ஆனால் என்னுடைய கோபத்தை என் பக்கமே திருப்பிவிட்டவள் வேறு ஒரு பிள்ளை.

அந்த வருடம் பௌதிகவியல் வகுப்பில் பதினொரு பேர். அவர்களில் ஒருத்தி கடற்கரை வீதியில் இருந்து வருவாள். வாப்பா தோணிக்காரர். அதிகம் கதைக்க மாட்டாள். கதைத்தால் வாத்தியாருக்கு வேலை வைப்பாள். அன்று நான் கரும்பலகையில் சாய்தளக் கணக்கு ஒன்று போட்டிருந்தேன். 'ஒப்பமான தளம்' என்று எழுதிவிட்டு, உராய்வு இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவள் எழும்பினாள்.

"டீச்சர், ஒப்பமான தளம் எண்டு ஒண்டு எங்க இரிக்கி?"

"எங்கயும் இல்ல மகள். கணக்குக்காக அப்பிடி எடுக்கிற."

"அப்ப இந்த விட யாருக்குச் சரி?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"எங்கட வாப்பாட தோணியக் கரைக்கு ஏத்த எட்டுப் பேர் இழுக்கிற. இப்ப கடல் கரையத் திண்டு போட்டு, மேடு செங்குத்தா நிக்கிது. எட்டுப் பேர் பலமும் காணா. இந்தக் கணக்குல போட்டுப் பாத்தன், மூணு பேர் காணுமாம். அப்ப மத்த அஞ்சு பேரும் சும்மாவா கயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்காங்க?"

எனக்கு வாயில் வந்தது பழகிய பதில்தான்: உராய்வு அடுத்த அலகில் வரும், இப்போது இதை எழுது. நல்லவேளை, அதைச் சொல்லவில்லை. ஏனென்றால் அவள் கேட்டது சரியான கேள்வி. மூன்று பேருக்கும் எட்டுப் பேருக்கும் நடுவில் இருந்த அந்த ஐந்து பேரின் வியர்வையை என்னுடைய கரும்பலகை 'இல்லை என்று எடுத்துக்கொள்' என்று சொல்லி அழித்திருந்தது. இரண்டு தலைமுறையாக அந்தப் பிள்ளையின் வீட்டுச் சோறு அந்த ஐந்து பேரின் இழுவையில்தான் வந்தது.

"அளந்து பாப்பமா?" என்று கேட்டேன்.

"எங்க?"

"உங்கட வாப்பாட தோணியில."

பாடசாலைப் பின்மதிலுக்கும் கடலுக்கும் இடையே நடந்து போனால் ஐந்து நிமிடம்கூட இல்லை. இருந்தாலும் பிள்ளைகளை வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். அதிபரிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "பாப்பம் டீச்சர்" என்றார். எங்கள் ஊரில் 'பாப்பம்' என்றால் இல்லை என்று அர்த்தம். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, அதை 'ஓம்' என்று எடுத்துக்கொண்டேன். இதில் என் பக்கம் முழுக்க நியாயம் என்று நான் சாதிக்க வரவில்லை. விதியை மீறினேன். மறுபடி அதே நிலை வந்தாலும் மீறுவேன்.

பதினொரு பேரின் உம்மாமாரிடமும் தாளில் சம்மதம் வாங்கினேன். என் கணவர் வீடு கட்டும் ஒப்பந்தக்காரர். அவருடைய சாமான் கொட்டிலில் இருந்து இரட்டைக் கப்பிகள் இரண்டும் நீளமான நைலோன் கயிறும் எடுத்தேன்.

"தோணி இழுக்கவா?" என்று கேட்டார்.

"தோணிய அளக்க."

"அளக்கிறதுக்கு எதுக்குக் கப்பி?" என்றார். நான் கயிற்றைச் சுருட்டிக் கட்டினேன். அவரும் தடுக்கவில்லை, கப்பிகளை முச்சக்கர வண்டியில் ஏற்றுவதற்குக் கை கொடுத்தார்.

நாங்கள் போன நேரம் தோணிகள் கரைக்கு வந்திருந்தன. மீன் இறக்கி முடிந்துவிட்டது. வெள்ளைச் சீருடையும் வெள்ளைப் பர்தாவுமாகப் பதினொரு பிள்ளைகள், கறுப்பு அபாயாவில் நான். கரையில் நின்ற ஆண்கள் வலையைப் போட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையின் வாப்பா முன்னுக்கு வந்தார். வெயிலில் காய்ந்த ஒல்லியான மனிதர். மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"உங்கட டீச்சருக்கு என்ன வேணுமாம்?"

"எட்டுப் பேரும் எவ்வளவு பலத்துல இழுக்கிறீங்க எண்டு பாக்கணுமாம் வாப்பா."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அதை யாரும் அதற்கு முன் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

மீன் நிறுத்து வாங்கும் வாடிக் கொட்டிலில் தொங்கிய வட்டத் தராசைக் கேட்டு வாங்கி, தோணியின் மூக்குக்கும் கயிற்றுக்கும் நடுவில் கொளுவினோம். எட்டுப் பேரும் இழுத்தார்கள். முள் நூறைத் தாண்டப் பார்த்தது. வாடிக்காரர், "நில்லுங்க, நில்லுங்க, தராசு போயிரும்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். தராசைப் பறித்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். அவர் இன்னொரு தராசைக் கொண்டு வந்தார். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல கட்டுங்க. பாரம் பாதி பாதியாப் பிரியும்" என்றார். இணையான விசைகள் என்று நான் ஒரு கிழமையாகக் கற்பித்ததை அவர் ஒரு வரியில் சொல்லி முடித்தார். பிள்ளைகள் வாசிப்புகளைக் கொப்பியில் எழுதினார்கள். மணல் சரிவின் கோணத்தைத் தூக்குக்குண்டும் பாகைமானியும் வைத்து அளந்தார்கள். கணக்குப் பார்த்தால், உண்மையிலேயே பெரிய பங்கு உராய்வுக்குத்தான் போயிருந்தது. ஐந்து பேரும் சும்மா நிற்கவில்லை.

அத்தோடு திரும்பி வந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் கப்பிகள் முச்சக்கர வண்டியில் இருந்தன.

ஒரு கப்பியைத் தென்னை மரத்தின் அடியில் கட்டினோம். மற்றதைத் தோணியின் மூக்கில். கயிற்றை இரண்டுக்கும் இடையில் நான்கு தரம் ஓட்டி, நுனியைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். தோணிக்காரரின் மகளும் இன்னும் மூன்று பேரும் பிடித்தார்கள். அந்த மூவரில் ஒருத்தி, ஊரில் பெரிய புடைவைக் கடை வைத்திருப்பவரின் மகள். அவள் சாதாரணமாகச் சத்தமாகச் சிரிக்கக்கூட மாட்டாள். பர்தாவின் நுனியைக் கழுத்தில் இறுக்கிச் செருகிக்கொண்டு, காலை மணலில் புதைத்து நின்றாள்.

"இழுங்க" என்றேன்.

கயிறு விறைத்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடிப்பாகம் மணலைக் கீறும் சத்தம் கேட்டது. தோணி ஒரு சாண் ஏறியது. பிறகு இன்னொரு சாண். நான்கு பிள்ளைகள் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுக்க, எட்டு ஆண்களின் தோணி மெல்ல மெல்ல மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. கரையில் நின்ற வயதான ஒருவர் "மாஷா அல்லாஹ்" என்றார். இழுத்துக்கொண்டிருந்த புடைவைக் கடைக்காரரின் மகள் சத்தமாகச் சிரித்தாள்.

கயிற்று நுனியில் தராசைக் கொளுவி, இன்னொரு தரம் இழுத்து முள்ளைப் பார்த்த தோணிக்காரரின் மகள் முகத்தைச் சுளித்தாள். "டீச்சர், நாலு கயிறு ஓடுது. நாலுல ஒரு பங்குதானே காட்டணும்? மூணுல ஒரு பங்குக்கும் மேல காட்டுது. மிச்சம் எங்க போன?"

நான் வினைத்திறன் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவளுடைய வாப்பா குனிந்து கப்பியைச் சுற்றிப் பார்த்தார். "டீச்சர், இதுக்கு எண்ண போடல்லையே" என்றார். இயந்திரத்துக்குப் போடும் கிறீஸை விரலில் அள்ளி வந்து அச்சில் தடவினார். மறுபடி இழுத்தோம். முள் இறங்கியது. அவருக்கும் சிரிப்பு வந்தது, மகளுக்கும் வந்தது. என்னுடைய பாடத்தில் மிச்சம் இருந்ததை அவர் ஒரு விரல் கிறீஸில் முடித்துவிட்டார்.

அன்று பிள்ளைகளில் ஒருத்திகூட இது பேப்பருக்கு வருமா என்று கேட்கவில்லை.

யாரோ ஒருவர் கைபேசியில் படம் எடுத்திருக்கிறார். அடுத்த நாள் காலையில் அது முகநூலில் ஓடியது. வெள்ளைப் பர்தாக்கள், கயிறு, தோணி. மேலே ஒரு வரி: 'பெண் பிள்ளைகளைக் கொண்டு தோணி இழுப்பிக்கும் பாடசாலை.' கீழே ஊர் முழுவதும் வந்து நின்று எழுதியது. சிலர் வாழ்த்தினார்கள். அதிகம் பேர் வெட்கம் என்றார்கள். பிள்ளைகளின் உடம்பைப் பற்றி எழுதியவர்களும் இருந்தார்கள்; அவர்கள் தங்களை மார்க்கத்தின் காவலர்களாக வேறு நினைத்துக்கொண்டார்கள். அந்த வரிகளை வாசித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

அதிபர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய பெயருக்கு, இத்தனை வருடமாக அவர் அஞ்சிய கடிதம் வந்துவிட்டது. புடைவைக் கடைக்காரர் வலயக் கல்விக் காரியாலயத்துக்கு முறைப்பாடு கொடுத்திருந்தார்.

"விளக்கக் கடிதம் எழுதுங்க டீச்சர். கடைசியில மன்னிப்புக் கேக்கிறன் எண்டு ஒரு வரி. அவ்வளவுதான். இத்தோட முடிஞ்சிரும்."

"விளக்கம் எழுதுறன் சேர். மன்னிப்பு என்னத்துக்கு?"

"அனுமதி இல்லாமப் போனதுக்கு."

"அதுக்கு எண்டா எழுதுறன். தோணி இழுத்ததுக்கு எழுத மாட்டன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ரெண்டும் ஒண்டுதானே டீச்சர்."

"ஒண்டில்ல சேர்."

நான் எழுதிய கடிதம் இரண்டு பக்கம். முதல் பந்தியில் அனுமதி பெறாதது என் தவறு என்று எழுதினேன். மிச்சம் முழுவதும் சாய்தளமும் உராய்வும் பிள்ளைகளின் வாசிப்புகளும். வரைபடமும் இணைத்தேன். அதை வாசித்த அதிபர், "இத வாசிச்சா அவங்களுக்கு ஒண்டும் விளங்காது" என்றார். "விளங்காட்டி வகுப்புக்கு வரட்டும்" என்றேன். அந்த வார்த்தை கொஞ்சம் கூடிப்போய்விட்டது. இருந்தாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

பெற்றோர் கூட்டம் ஒன்று வையுங்கள், நானே வந்து பதில் சொல்கிறேன் என்று கேட்டேன். அவருக்குத் துளியும் விருப்பம் இல்லை. ஆனால் புடைவைக் கடைக்காரரும் அதையே கேட்டிருந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் உம்மாமார். பதினொரு பிள்ளைகளையும் முன்வரிசையில் இருத்தினேன். கடைக்காரர் எழும்பினார். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர், தர்மம் செய்கிற மனிதர். அவர் குரலை உயர்த்தவில்லை.

"டீச்சர் நல்லாப் படிப்பிக்கிறீங்க எண்டு எல்லாரும் சொல்ற. அதுல எனக்கு ஒண்டும் இல்ல. ஆனா எங்கட பொம்புளப் புள்ளைகள் கடற்கரையில நிண்டு தோணி இழுக்கிற அளவுக்கு என்ன வந்த? அது அவங்கட வேலயா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறக்குமுன் பின்னால் ஒரு நாற்காலி சத்தம் போட்டது. தோணிக்காரர் எழும்பி நின்றார். அவர் இப்படியான கூட்டத்தில் கதைத்ததே இல்லை.

"தோணி இழுக்கிறது கேவலமான வேலையா ஹாஜியார்?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல."

"நாங்க அத இழுத்துத்தான் எங்கட புள்ளைகள இஞ்ச அனுப்புறம். என்ட மகள் எனக்கு முன்னால இழுத்தா. எனக்கு வெக்கமா இருக்கல்ல."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அதிபர் மேசையைத் தட்டினார். இதற்கு மேல் கதைத்தால் ஆளுக்கு ஆள் வார்த்தை தடிக்கும் என்று தெரிந்தது. நான் மேடைக்குப் பின்னால் வைத்திருந்த இரண்டு மண்வெட்டிப் பிடிகளையும் ஒரு கயிற்றையும் எடுத்து வந்தேன். பிடிகளில் முகப்பவுடர் பூசி வழுவழுப்பாக்கி வைத்திருந்தேன்.

"ஹாஜியார், கோவிக்காம ஒருக்கா முன்னுக்கு வாங்க. இன்னொரு பலமான ஆளும் வேணும்."

கடைக்காரர் தயங்கினார். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரோடு, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த, நெல் மூட்டையைத் தனியே தூக்கும் உடம்புள்ள ஒருவரும் வந்தார். ஆளுக்கு ஒரு பிடியைக் கொடுத்து, முழ இடைவெளியில் எதிரும் புதிருமாக நிற்க வைத்தேன். கயிற்றின் ஒரு நுனியை ஒரு பிடியில் கட்டி, இரண்டு பிடிகளையும் சுற்றிச் சுற்றி ஐந்து தரம் ஓட்டினேன். மற்ற நுனியைத் தோணிக்காரரின் மகளிடம் கொடுத்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் பிடிகளச் சேர விடாம எட்ட இழுத்துப் புடிங்க. ஒரு விரல்கூட விடாதீங்க."

"இந்தப் புள்ளையா இழுக்கப் போற?" நிர்வாகத்தில் இருந்தவர் சிரித்தார்.

அவள் கயிற்றை இழுத்தாள். பெரிய முயற்சி ஒன்றும் இல்லை. கிணற்று வாளி இழுப்பதுபோலத்தான். இரண்டு ஆண்களும் பின்னால் சாய்ந்தார்கள். கழுத்து நரம்பு புடைத்தது. பிடிகள் நெருங்கின. அவர்களுடைய பாதங்கள் நிலத்தில் வழுக்கி முன்னுக்கு வந்தன. பிடிகள் 'டக்' என்று ஒன்றோடொன்று மோதியபோது இரண்டு பேரும் ஏறக்குறைய நெற்றி முட்டும் தூரத்தில் நின்றார்கள். முதலில் சிரித்தது உம்மாமார் பக்கம்தான். பிறகு மண்டபம் முழுவதும். கடைக்காரரும் சிரித்தார். அதை நான் பார்த்தேன், உண்மையான சிரிப்பு.

"இதத்தான் நான் படிப்பிச்சன்" என்றேன். "இத வரைஞ்சு காட்டினா பேப்பருக்குப் போதும். ஆனா கையால இழுத்தாத்தான் ஆளுக்கு விளங்கும். அடுத்த பாடசாலைத் தவணையும் இழுப்பன். எங்க இழுக்கிற எண்டுதான் உங்களோட கதைக்க வந்தன். இழுக்கிறதா இல்லையா எண்டு கேக்க வரல்ல."

உம்மாமார் பக்கத்தில் இருந்து ஒருவர் கையைத் தூக்கினார். "டீச்சர், எங்கட கிணத்துக்கு இப்பிடி ஒண்டு பூட்டித் தர ஏலுமா? எனக்கு நாரி நோவு, இடுப்பு நிமிர்த்த ஏலாது." எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் போய்ப் பூட்டிக் கொடுத்தார்கள்.

நான் வென்றுவிட்டேன் என்று அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். திங்கட்கிழமை வகுப்பில் பத்துப் பேர் இருந்தார்கள். புடைவைக் கடைக்காரரின் மகள் வணிகப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தாள்.

பாடசாலை விட்டதும் நேரே அவருடைய கடைக்குப் போனேன். அவர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார், குடிக்கக் கொண்டு வரச் சொன்னார். நான் நாற்காலியில் இருக்கவில்லை.

"ஏன் ஹாஜியார்?"

"உங்களில ஒரு கோவமும் இல்ல டீச்சர். நீங்க காட்டினது சரி." துணிக் கட்டு ஒன்றைக் காரணமில்லாமல் விரித்து மடித்தார். "மகளுக்கு ஒரு இடம் பேசிக்கிட்டு இரிக்கம். மாப்பிள்ள வீட்டாக்கள் அந்தப் படத்தப் பாத்திட்டாங்க."

"அந்தப் படத்துல உங்கட மகள் சிரிக்கிறா. அதப் பாத்தீங்களா?"

அவர் துணிக் கட்டைத் தட்டில் தூக்கி வைத்தார். நான் இன்னும் கதைத்தேன். அவளுடைய புள்ளிகளைச் சொன்னேன். அவள் பரிசோதனைக் கொப்பியைச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஓம் டீச்சர், ஓம்" என்றார். ஒன்றும் அசையவில்லை. அந்த மனிதரை அசைக்கும் கப்பி என்னிடம் இருக்கவில்லை.

அவளை நான் மீட்கவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு விருப்பம் இல்லை. ஒரு நாள் இடைவேளையில் அவளே ஆய்வுகூட வாசலுக்கு வந்தாள். கப்பியின் வினைத்திறனுக்கு வரைபு கீறி முடித்துவிட்டேன், திருத்தித் தாருங்கள் என்று கொப்பியை நீட்டினாள். பாட மாற்றத்துக்குப் பிறகு வீட்டில் இருந்து கீறியிருக்கிறாள். ஒரு பிழையும் இல்லை. சிவப்புப் பேனையால் சரி போட்டுக் கொடுத்தேன். பரீட்சை எழுதி முடிந்ததும் அவளுக்குக் கலியாணம் நடந்தது. அழைத்தார்கள், போனேன். அவளுடைய வாப்பாவுக்கு ஸலாம் சொன்னேன். நெஞ்சில் இருந்த கோபம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதைப் போக்கடிக்க நான் முயற்சி செய்யவில்லை.

தோணிக்காரரின் மகளுக்கு முதல் முறை வெட்டுப்புள்ளி சற்று எட்டாமல் போனது. இரண்டாம் முறை எழுதிப் பௌதிக விஞ்ஞானம் படிக்கப் பல்கலைக்கழகம் போனாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தவள், நன்றி சொல்லவில்லை. என்னுடைய சாய்தளக் குறிப்பில் ஒரு குறியீடு பிழை என்று சொல்லிவிட்டுப் போனாள். பிழைதான். கப்பிகள் கடற்கரையிலேயே நின்றுவிட்டன. இப்போது பல தோணிகள் அதில் ஏறுகின்றன. என் கணவர் வேறு வாங்கிக்கொண்டார்.

வலயத்தில் இருந்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முன் அனுமதி இன்றி மாணவிகளை வெளியே அழைத்துச் செல்லக்கூடாது, மீறினால் ஒழுக்காற்று நடவடிக்கை. என்னுடைய சேவைக் கோப்பில் அது இன்றும் இருக்கிறது. கையெழுத்து வைத்தேன். அதை வாசிக்கும்போதே ஒன்று விளங்கியது: போகக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. அனுமதி கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது.

கேட்டேன். அந்தத் தவணையே மூன்று விண்ணப்பங்கள் கொடுத்தேன். கைத்தறியின் அதிர்வெண்ணை எண்ண மருதமுனைக்கு. வாய்க்கால் நீரின் வேகத்தை அளக்க வயலுக்கு. ஐஸ் தொழிற்சாலைக்கு, மறைவெப்பம் பார்க்க. ஒவ்வொன்றும் மூன்று பிரதி. பெற்றோர் சம்மதம், பாட அலகு, பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் இணைத்து. இரண்டைத் திருப்பி அனுப்பினார்கள். காரணம் எழுதவில்லை. காரணம் என்னவென்று கேட்டு, அதற்கும் மூன்று பிரதி எழுதினேன். ஒரு வருடத்தின் பிறகு அந்தக் காரியாலயத்தில் என்னைக் கண்டாலே ஒரு லிகிதர், "டீச்சர், எங்க போறீங்க இந்த முற?" என்று கேட்டு, தானாகவே முத்திரையை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

பழைய அதிபர் ஓய்வு பெற்றுப் போனார். புதியவர் இளையவர், விஞ்ஞானப் பட்டதாரி. ஆனால் நாற்காலி எல்லோருக்கும் ஒரே பயத்தைத்தான் கொடுக்கிறது. இந்தத் தவணை வகுப்பில் பத்தொன்பது பேர். அலைகள் பற்றிய அலகு வருகிறது. வெளிநாட்டார் அலைச்சறுக்கு ஆட வரும் அறுகம்பேக்குப் போக விண்ணப்பம் வைத்தேன். பொத்துவிலைத் தாண்டினால் அந்த முனையில் அலை ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக உருளும். ஆவர்த்தன காலத்தை எண்ண அதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் இல்லை.

அதிபர் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், அங்க வெள்ளக்காரிகள் அரைகுறை உடுப்போட நிப்பாங்க."

"நிப்பாங்க சேர். நாங்க அலையப் பாக்கத்தான் போறம்."

"சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும். படம் எடுக்கிற ஆளுக்கும் ஒரு நிறுத்தற்கடிகாரம் குடுப்பன். சும்மா நிக்காம எண்ணட்டும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். பேனையைத் தேடினார். நான் என்னுடையதைக் கொடுத்தேன். மூன்று பிரதிகளிலும் கையெழுத்து வைத்தார்.

வகுப்புக்குப் போய் அறிவித்தலைக் கரும்பலகையில் எழுதினேன். பஸ் வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு. நீளக் கயிறு, மிதவை, கொப்பி, நிறுத்தற்கடிகாரம் நான்கு. சாப்பாடும் தண்ணீரும் அவரவர் வீட்டில் இருந்து.